அக்காவின் கேனில் நான் ஊற்றிய ஆயில்

ஒரு சொட்டு ஆயிலைக் கட்டை விரலில் தொட்டு, ஆள்காட்டி விரலோடு சேர்த்துத் தேய்த்து, இரண்டு விரலையும் மெல்லப் பிரித்துப் பார்ப்பாள் என் அக்கா. நடுவில் நூல் மாதிரி ஆயில் நீண்டு நிற்கும். அது எவ்வளவு தூரம் நீண்டு அறுகிறது என்று பார்த்துவிட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோவாள். அதற்குப் பிறகுதான் கேனை நீட்டுவாள். உத்தமபாளையத்தில் நான் வேலை பார்க்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், எங்கள் முதலாளிகூட ஆயிலை அப்படிப் பார்த்ததில்லை. கவுண்டரில் நிற்கும் ஆட்கள் கியர் கேபிளையும் ஃபேன் பெல்ட்டையும் கேட்க வந்ததை மறந்து அக்காவின் விரலையே பார்ப்பார்கள். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் நிறையப் பெருமையாகவும் இருக்கும்.

அக்காவின் நிலம் மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில். ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, அத்தனையும் வெற்றிலைக் கொடிக்கால். பக்கத்தில் சின்னமனூரில் ஆயில் கடை இல்லாமல் இல்லை. ஆனால் அதைத் தாண்டி பஸ் ஏறி என்னிடம்தான் வருவாள். "எந்தம்பி கடை" என்றுதான் எல்லோரிடமும் சொல்வாள். நான் அங்கே சம்பளத்துக்கு நிற்கிற ஆள் என்பதை எத்தனை முறை சொன்னாலும் காதில் வாங்க மாட்டாள். "நீ இல்லாட்டி அந்தக் கடையில எந்தப் பொருளு எங்கன இருக்குன்னு உங்க மொதலாளிக்குத் தெரியுமாடா? அப்ப உன் கடைதான்" என்பாள். முதலாளி அதைக் கேட்டுச் சிரிப்பார்.

மச்சானுக்கு மலைமேல் ஏலத்தோட்டத்தில் கண்காணி வேலை. குமுளி வழியாகப் போய், மாதத்துக்கு ஒரு முறை இறங்கி வருவார். கொடிக்கால், கிணறு, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் எஞ்சின் எல்லாம் அக்காவின் பொறுப்பு. மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். அது வரும்வரை மச்சானின் அப்பா காலத்து டீசல் எஞ்சின்தான். இடுப்பளவு உயரம், ஒற்றை சிலிண்டர், இரண்டு பக்கமும் மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைவுபடுத்தும் கனமான இரும்புச் சக்கரங்கள். இப்போது வருகிற எஞ்சின்கள் மாதிரி கத்தாது. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் மூச்சு வாங்கிக்கொள்வது போல நிதானமாக ஓடும். கட்டை விரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கமாகச் சேர்த்துத்தான் அக்கா அதன் ஹேண்டிலைப் பிடிப்பாள். எஞ்சின் எதிர்த்து அடித்தால் கட்டை விரல் ஒடிந்துபோகும் என்று தெரியும். கண்ணாடி வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டு, நாலு சுற்றுச் சுற்றி, வால்வு நெம்புகோலைத் தட்டிவிடுவாள். பிடித்துக்கொள்ளும். யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில், ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போய்விட்ட ஒரு பகலில், கொடி வாடுகிறதே என்று அவளாகவே சுற்றிப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான்.

அந்த எஞ்சினுக்கு மணிக்கணக்கைக் காட்டும் மீட்டர் கிடையாது. எத்தனை நாளுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது என்பதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தாள். கொடிக்காலில் வெற்றிலை பறிக்கும் நாளில் தண்ணீர் பாய்ச்ச மாட்டார்கள், எஞ்சினுக்கு ஓய்வு. இரண்டு பறிப்புக்கு ஒரு ஆயில் மாற்றம். பறிக்க ஆட்கள் வருவதற்கு முன்னால் எஞ்சினைக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, ஆயில் சூடாக இருக்கும்போதே அடியில் இருக்கும் நட்டைக் கழற்றி ஒரு மண்சட்டியில் இறக்குவாள். மத்தியானம் வரை அது சொட்டிக்கொண்டே இருக்கும். கழற்றிய நட்டைத் தரையில் வைக்க மாட்டாள். ஒரு கயிற்றில் கோத்து ஹேண்டிலில் தொங்கவிடுவாள். புது ஆயில் ஊற்றாமல் யாராவது அவசரத்தில் ஹேண்டிலைத் தொட்டால், முதலில் அந்த நட்டு கையில் இடிக்க வேண்டும் என்பதற்காக. பிறகு பக்கவாட்டு மூடியைத் திறந்து, உள்ளே கைவிட்டு, எட்டுகிற இடமெல்லாம் துடைப்பாள். அடியில் களி மாதிரி கறுப்பாகப் படிந்திருப்பதை வழித்தெடுப்பாள். பங்குனி முதல் ஆவணி வரை நாற்பதாம் நம்பர் ஆயில், ஐப்பசிக்கு மேல் மலைக்காற்று இறங்க ஆரம்பித்தால் முப்பதாம் நம்பர். இறக்கிய பழைய ஆயில் வீணாகாது. கரையான் ஏறாமல் இருக்க வேலிக் கம்புகளின் அடியில் தடவுவாள்.

அந்த முப்பதாம் நம்பரும் நாற்பதாம் நம்பரும் பழைய மாதிரி ஆயில். எந்த மருந்தும் கலக்காதது. எங்கள் கடையில் பேரலில் வரும், கைப் பம்பால் இறைத்து அளந்து கொடுப்போம். இந்த மாதிரி ஆயிலில் ஒரு குணம் உண்டு. எஞ்சினுக்குள் சேரும் கரியையும் அழுக்கையும் அது தன்னோடு தூக்கிக்கொண்டு சுற்றாது. அடியில் படியவிட்டுவிடும். ஃபில்டர் இல்லாத பழைய எஞ்சின்களுக்கு அதுதான் ஒத்துவந்தது. பிறகு வண்டிகள் மாறின, ஆயில்களும் மாறின. இப்போது வருகிற ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். புது எஞ்சினுக்கு அது நல்லது. முப்பது, நாற்பது வருஷம் பழைய ஆயிலிலேயே ஓடிய எஞ்சினில் அதைத் திடீரென்று ஊற்றினால், சுவரிலும் துவாரங்களிலும் இறுகிக் கிடக்கும் அத்தனை படிவும் கட்டி கட்டியாக உதிர்ந்து ஆயிலோடு கிளம்பிவிடும். இதை எங்கள் கவுண்டருக்கு வந்த ஆயில் கம்பெனி ஆள் எனக்குத் தெளிவாகவே சொன்னார். "பழைய இஞ்சினுக்கும் தாராளமாப் போடலாம். ஆனா மொதல் தடவை ஊத்துனா இருபது மணி நேரத்துல இறக்கிடணும். மறுபடி ஊத்தி மறுபடி இறக்கணும். மூணாவது தடவைதான் அது ஆயிலு. முன்னாடி ரெண்டு தடவையும் அது மருந்துன்னு வச்சுக்கங்க." அவர் சொன்னதை நான் ஒரு அட்டையின் பின்பக்கம் எழுதிக்கூட வைத்தேன்.

இது நடந்து பன்னிரண்டு, பதிமூன்று வருஷம் இருக்கும். பேரல் ஆயில் வருவது நின்றுபோனது. கடைசிப் பேரல் காலியான அதே வாரத்தில், ஒரு பறிப்பு நாளின் காலையில், அக்கா கேனோடு வந்து நின்றாள். ஆயில் இறக்கிச் சொட்டவிட்டுவிட்டு வந்திருந்தாள். மத்தியானத்துக்குள் திரும்ப வேண்டும். பேரல் ஆயில் இனி வராது, தேனிக்குப் போனால் கிடைக்கலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம். கடையில் அப்போது நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறப்பது கஷ்டம். அதோடு, இத்தனை தூரம் என்னை நம்பி வருகிறவளை வெறுங்கேனோடு அனுப்ப மனம் வரவில்லை. புது ஆயில் இதைவிட உயர்ந்தது, அக்காவின் எஞ்சினுக்கு நல்லதைத்தான் கொடுக்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே போய் புது ஆயில் வாளியின் சீலை உடைத்து, அவள் கேனில் ஊற்றிக்கொண்டு வந்தேன்.

அக்கா வழக்கம்போல விரலில் தொட்டாள். தேய்த்தாள். நூல் சீக்கிரம் அறுந்துவிட்டது. மறுபடி தொட்டுப் பார்த்தாள்.

"ஏலே, என்னடா இது, பிசுக்கு கொறச்சலா இருக்கு? வாடையும் வேற மாதிரி அடிக்கிது."

"புது லாட்டுக்கா" என்றேன்.

"நல்ல சரக்குதான?"

"இதைவிட நல்லது இல்லக்கா."

பக்கத்தில் நின்ற டிராக்டர்காரர் ஒருவர், "ஏத்தா, ஆயிலை மோந்து பாக்குறியே, குழம்பா வைக்கப்போற?" என்று கேட்டார். "ஆமா, நீ இலையைப் போட்டு உக்காரு, ஊத்துறேன்" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் நான் சொல்ல வேண்டியது அமுங்கிப்போனது. இருபது மணி நேரம் என்று தொண்டை வரை வந்தது. எஞ்சின் விஷயத்தில் அக்கா எனக்குச் சொல்வாளே தவிர நான் அவளுக்கு எதுவும் சொன்னதில்லை. அத்தனை பேர் முன்னால், அவளிடம், இப்படிச் செய், அப்படிச் செய் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பிறகு போன் போட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அன்று போன் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. நல்ல ஆயில்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

நாலாம் நாள் அவளே போன் போட்டாள். பின்னால் எஞ்சின் ஓடும் சத்தம் கேட்டது.

"தம்பி, ஆயிலு நாலே நாள்ல மையா கருத்துப்போச்சுடா. எப்பவும் இப்படி ஆகாதே."

"கருத்தா நல்லதுதான்க்கா. உள்ள இருக்க அழுக்கைக் கழுவுதுன்னு அர்த்தம்."

"ஆயிலு எங்கயாச்சும் கழுவுமா? அது என்ன சோப்பா?" சிரித்தாள். பிறகு அவளே கேட்டாள். "சரி, கழுவுதுன்னே வச்சுக்குவோம். கழுவுன தண்ணியைக் கீழ ஊத்தவேணாமா? துணி தொவச்ச தண்ணியிலயே திரும்பவும் துணியை அலசுவாகளாடா?"

கம்பெனி ஆள் கால்மணி நேரம் பேசியதை அவள் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டாள். ஆமாம் அக்கா, இறக்கிவிடு, இன்றைக்கே இறக்கிவிடு என்று சொல்வதற்கு அதைவிட நல்ல வேளை கிடைத்திருக்காது. கடையில்கூட அப்போது ஆள் இல்லை. ஆனால் அதைச் சொன்னால், அது வேறு ஆயில் என்பதையும் சொல்ல வேண்டும். தெரிந்தே மாற்றி ஊற்றினேன், கேட்டபோது புது லாட் என்று மழுப்பினேன் என்பதையும் சொல்ல வேண்டும். "அதெல்லாம் வேணாம்க்கா, நீ பாட்டுக்கு ஓட்டு" என்றேன்.

"நீ சொன்னாச் சரிதான்" என்று வைத்துவிட்டாள்.

பதினோராம் நாள் எஞ்சின் நின்றது. இறுகிப்போய், ஹேண்டிலை இரண்டு ஆள் சேர்ந்து தொங்கினாலும் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். எல்லோரும் மெக்கானிக் பாய் என்று கூப்பிடும் வயதானவர் ஒருவர், உத்தமபாளையத்திலிருந்து வந்து எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். சக்கரங்களைச் சுழற்றும் கிராங்குத் தண்டைப் பிடித்திருக்கும் பெரிய பேரிங் உருகி ஒட்டிக்கிடந்தது. அதற்கு ஆயில் போகும் துவாரத்தில் கம்பி விட்டு நோண்டினார். கறுப்பாகக் களி வந்தது. அந்தக் களியோடு சேர்ந்து ஒரு நகத்தளவு நூல். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அந்த முறை அக்கா எஞ்சினுக்குள் துடைத்தது ஒரு பழைய சேலைக் கிழிசலால். எப்போதும் நார் உதிராத காடாத் துணிதான் வைத்திருப்பாள். அன்று பறிப்பு ஆட்கள் வந்துவிட்ட அவசரத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்திருக்கிறாள்.

அக்கா அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் அப்படி வெளிறி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மெக்கானிக் பாய்க்கு ஏதோ சந்தேகம். அந்த ஒரு நூலால் ஒரு துவாரம் இப்படி அடைக்காது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சட்டியில் இருந்த ஆயிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆயிலு எங்கன எடுத்தீகத்தா?" என்று கேட்டார்.

"எந்தம்பி கடையில. அதுல ஒண்ணும் இருக்காது பாய். அவன் தப்பாக் குடுக்க மாட்டான்" என்றாள்.

பாய் என்னைப் பார்த்தார். நான் அவர் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தேன். பறிப்புக்கு வரும் பெண்கள் மூன்று பேர், பக்கத்துத் தோட்டத்துக்காரர், அவர் மனைவி, எல்லோரும் நின்றிருந்தார்கள். பாய் தோளைக் குலுக்கிவிட்டு, "அப்ப இந்தத் துணிதான் போல" என்றார். அந்தச் சொல் அந்த இடத்திலேயே உறுதியாகிவிட்டது.

கிராங்கு கீறல் விழுந்து கிடந்தது. அந்தக் காலத்து எஞ்சினுக்கு அவ்வளவு சீக்கிரம் சாமான் கிடைக்குமா? கோயம்புத்தூரிலிருந்து வந்து, லேத்துப் பட்டறையில் கடைந்து மாட்டுவதற்குள் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. வெயில் காலம். வெற்றிலைக் கொடி ஒரு வாரம்கூடத் தாங்காது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் கிணற்றிலிருந்து ஓஸ் போட்டு இரண்டு நாள் தண்ணீர் விட்டார். அவர் கிணற்றிலும் தண்ணீர் அவ்வளவுதான். அக்கா குடம் குடமாகச் சுமந்து ஊற்றினாள். நானும் லீவு போட்டுவிட்டு இரண்டு நாள் சுமந்தேன். கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. சூடேறிய மண்ணில் வெறுங்காலோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, ஒவ்வொரு நடையிலும் இப்போது சொல்லிவிடுவோம், இந்த வரப்பு தாண்டியதும் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். அக்கா எனக்கு முன்னால் நடந்தாள். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கொடிகள் முதலில் தலையைத் தொங்கப்போட்டன, பிறகு மஞ்சளாயின, பிறகு தொட்டால் நொறுங்கின. கொடி படர்வதற்காக நட்டிருந்த அகத்தி மட்டும் மேலே பச்சையாகப் பூத்து நின்றது. அது இன்னும் கொடுமையாக இருந்தது.

மச்சான் மலையிலிருந்து இறங்கி வந்தார். அவர் முரட்டு ஆள் இல்லை. அக்காவை அதட்டிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் காய்ந்துபோன கொடிக்காலைப் பார்த்த வயிற்றெரிச்சலில், எஞ்சின் கொட்டகை வாசலில் நின்றிருந்தவர்கள் எல்லோரும் கேட்க, "பொம்பளை கையில இஞ்சினைக் குடுத்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும். வெத்தலையைக் கிள்ளுற கை வெத்தலையை மட்டும் கிள்ளணும்" என்றார்.

டிராக்டர்காரருக்கு அப்படிப் பட்டென்று பதில் கொடுத்த அக்கா, அன்று ஏறிக்கிடந்த வளையல்களைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

எஞ்சின் சரியாகி வந்த பிறகு அதை ஓட்டுவதற்கு மச்சான் ஒரு ஆளை வைத்தார். அக்கா அந்தக் கொட்டகைக்குள் போகவில்லை. போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, அவளாகவே போகவில்லை. ஆயில் வாங்க அந்த ஆள் வருவான். கேனை நீட்டுவான், நான் ஊற்றுவேன், போய்விடுவான். தொட்டுப் பார்க்க மாட்டான். அவனிடம் மட்டும், இருபது மணி நேரத்தில் இறக்க வேண்டும் என்று முதல் நாளே ஒழுங்காகச் சொன்னேன். அவனிடம் சொல்வதற்கு எனக்கு எந்தத் தயக்கமும் வரவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அடுத்த வருஷமே மின் இணைப்பும் வந்தது. எஞ்சினைச் சாக்குப் போட்டு மூடிவைத்தார்கள்.

எஞ்சினோடு அது முடிந்திருந்தால்கூட நான் எப்படியாவது மனதைத் தேற்றியிருப்பேன். அது மெல்ல மெல்ல அக்காவின் மற்ற வேலைகளுக்கும் பரவியது. கேஸ் சிலிண்டர் மாற்ற பக்கத்து வீட்டில் ஆளைக் கூப்பிட ஆரம்பித்தாள். தையல் மெஷினில் நூல் சிக்கினால் அப்படியே வைத்துவிட்டு, யாராவது வரும்வரை காத்திருந்தாள். ஒரு முறை மாவடு போடும்போது உப்பு அளக்க என் மனைவியைக் கூப்பிட்டாள். "நீயே போடுத்தா. என் கை சரியில்ல" என்றாள். என் மனைவி அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு உப்பை அள்ளிப் போட்டாள். நான் அங்கிருந்து எழுந்து வெளியே போய்விட்டேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம்கூட, "கண்டதையும் வச்சுத் தொடச்சு, ஒரு கொடிக்காலையே அழிச்சவடா உங்க அத்தை" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அவளுடைய வேடிக்கைப் பேச்சில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். தன்னைத் தானே குத்திக்கொள்வது.

பத்து வருஷத்துக்கும் மேலாக நான் சும்மா இருந்தேன். தீபாவளிக்கு அவள் வீட்டுக்குப் போவேன், பொங்கலுக்கு அவள் வருவாள். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் போகும்போது வார்த்தைகளை அடுக்கி வைத்துக்கொள்வேன். அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவை கலைந்துபோகும். இத்தனை நாள் கழித்து எதற்கு, காயத்தைக் கிளறுவானேன், அவளே மறந்திருப்பாள் என்று காரணங்கள் மட்டும் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போயின.

போன வருஷம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். தேனியில் வைத்துப் பார்த்து, மதுரைக்குக் கொண்டுபோய், பிறகு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு மத்தியானம், மச்சான் மருந்து வாங்கப் போயிருந்தபோது, நானும் அவளும் மட்டும் இருந்தோம். ஜன்னல் வழியாக வெயில் அவள் கால்மாட்டில் விழுந்துகொண்டிருந்தது. இதற்கு மேல் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தரையில் உட்கார்ந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பேரல் காலியானதை, வாளியை உடைத்ததை, கம்பெனி ஆள் சொன்னதை, அவள் போனில் கேட்ட கேள்வியை, பாய் என்னைப் பார்த்ததை. துணியால் இல்லை அக்கா, என்னால்தான் என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக யாரிடமும் பேசியதில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சின்னதுல நான் பால்சட்டியை ஒடச்சுட்டு நின்னப்போ, நாந்தான் ஒடச்சேன்னு நீ போயி அடி வாங்குனியே, மறந்துட்டியா? இன்னும் அந்தப் புத்தி போகலடா உனக்கு."

"இல்லக்கா, இது நெசமா..."

"போற நேரத்துல எம் மனசு ஆறணும்னு பழியைத் தூக்கி உந்தலையில போட்டுக்கிற. எனக்குத் தெரியாதா உன்னை?"

"சத்தியமாக்கா. அந்த ஆயிலு வேற ஆயிலு."

"சரிடா, நீதான். நீதான் ஊத்துன. போதுமா?" என்று என் தலையில் கை வைத்தாள். அந்தக் கையில் எடையே இல்லை. "அந்த நூலை நான் எங்கண்ணால பாத்தேன் தம்பி. அது என் சேலை நூலுதான்."

நான் சொல்லச் சொல்ல அவள் கண்ணில் என்மேல் பாசம்தான் கூடிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் திட்டுவாள், அழுவாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்றெல்லாம் பத்து வருஷம் பயந்திருந்தேன். நம்ப மாட்டாள் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. அன்றைக்கு, அந்தக் கொட்டகையில், பாய் கேட்ட நிமிஷத்தில் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். இருபது நாள் கழித்துப் போய்விட்டாள். கடைசியாக என்னைப் பற்றி மச்சானிடம், "எந்தம்பி மாதிரி யாருக்கு வாய்க்கும்" என்று சொன்னாளாம். அதை மச்சான் என்னிடம் ஆறுதலாகச் சொன்னார்.

காரியமெல்லாம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். பழைய எஞ்சின்களை வாங்கிச் சேர்த்துவைக்கிற வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார், ஓட்டிக் காட்டினால் எடுத்துக்கொள்வாராம் என்று மச்சான் என்னைக் கூப்பிட்டார். ஆயிலும் டீசலும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போனேன். சாக்கை எடுத்து, அடி நட்டைக் கழற்றினேன். பக்கவாட்டு மூடியைத் திறந்து, டீசல் விட்டுக் கழுவினேன். நார் இல்லாத துணியால் துடைத்தேன். ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூட்டோடு இறக்கினேன். கறுப்பாக வந்தது. மறுபடி ஊற்றினேன், ஓட்டினேன், இறக்கினேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மச்சான் கேட்டார்.

"என்ன மாப்ள, ஊத்துன ஆயிலை உடனே உடனே இறக்குற? நல்ல ஆயிலுதான அது?"

"பழைய இஞ்சினுக்குப் புது ஆயிலு ஊத்துனா இப்படித்தான் செய்யணும் மச்சான். இல்லாட்டி அழுக்கு பேத்துக்கிட்டுப் போயி பேரிங்கை அடைச்சிரும்" என்றேன். சொல்லும்போதே கை நின்றுவிட்டது. பிறகு அவரிடமும் சொன்னேன். அக்காவிடம் சொன்னதைவிடக் குறைவான வார்த்தைகளில் சொல்ல முடிந்தது.

மச்சான் என்னை அடித்திருக்கலாம். அதை எதிர்பார்த்துத்தான் நின்றேன். அவர் எஞ்சினைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவர் நம்பினார். ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. நம்புவதற்கு அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அப்ப அவ கை ஒண்ணும் செய்யல" என்றார்.

"இல்ல மச்சான்."

"நான் சொன்னேனே மாப்ள. கிள்ளுற கைன்னு சொன்னேனே." குரல் உடைந்துவிட்டது. "அதை இப்ப எங்கன போயி எடுக்குறது?"

என் மனதில் இருந்ததை இறக்கி வைத்துவிடலாம் என்றுதான் சொன்னேன். என்னுடையது அப்படியே இருந்தது. அவர் தலையிலும் ஒன்றை ஏற்றிவிட்டேன். எழுபது வயதுக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அருகில் போக எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்றாவது முறை ஆயில் ஊற்றி, எஞ்சினை ஓட்டினேன். அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

நான் கிளம்பும்போது மச்சான் வாசல் வரை வந்தார். "மாப்ள, இதை எங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாது. அன்னைக்கு நாலு பேரு முன்னாடிதான் நான் அவளைப் பேசுனேன். நாலு பேருகிட்டயும் சொல்லணும். நீதான் சொல்லணும்" என்றார். சொல்கிறேன் மச்சான் என்று ஒத்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரம் எஞ்சினை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கொட்டகையில் இப்போது சிமென்ட் மேடையும் அதில் நீட்டிக்கொண்டிருக்கும் நாலு போல்ட்டும்தான் இருக்கின்றன. மச்சான் அங்கே ஆட்டைக் கட்டுகிறார்.

நாலு பேர் முன்னால் பேச எனக்கு இன்னும் வரவில்லை. மெக்கானிக் பாய் வீட்டுத் தெரு வரை இரண்டு தடவை போய்த் திரும்பிவிட்டேன். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். அதனால் எழுதுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் கொட்டகையில் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், அல்லது படித்தவர்கள் சொல்லிக் கேட்டால், இது ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த எஞ்சின் நின்றது என் அக்காவின் சேலை நூலால் இல்லை. அவள் கை எந்தத் தப்பும் செய்யவில்லை. நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்குத் தெரியும்.